விளக்கு அணைந்த மைக்

என் அன்பு மகளுக்கு,

பதினான்கு லோகங்களிலும் கரகரப்பில்லாமல் மைக்செட் கட்டத் தெரிந்த ஒரே மனிதனும், நகரசபைக் கூட்டத்தின் ஒலிச் சக்கரவர்த்தியும், உன் சித்தி எதிரே மட்டும் ஓசை எழும்பாதவனுமாகிய உன் சித்தப்பா, கையில் பேனாவும் இடுப்பில் பிடிப்புமாக எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். உன் அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருந்தது. நிஜமாகவே குறைந்துவிட்டதா என்று பார்ப்பதற்காக மாடிப்படியில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, அதைத் திரும்ப வரவழைத்துக்கொண்டார். உன் சித்தி என்னைத் திருத்தும் வேலையை இன்னும் கைவிடவில்லை. மலையைக் கரண்டியால் தோண்டுகிறவளின் பொறுமை அவளுக்கு.

போனில் பேசாமல் ஏன் கடிதம், அதுவும் ஏன் ஆபீஸ் விலாசத்துக்கு என்று கேட்பாய். உன் வீடு நான்காவது மாடியில். தபால்காரர் பாவம், ஏறி வருவதற்குள் அவருக்கு ஓய்வூதியமே வந்துவிடும். இப்போதைக்கு இந்தக் காரணத்தை வைத்துக்கொள்.

நகரசபையில் ஒரு புகார் கிளம்பியிருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால் உனக்கு ஒரு ராஜ ரகசியம் சொல்ல வேண்டும். இது உன் சித்திக்கே போன வாரம்தான் தெரியும் என்றால் இதன் மதிப்பைப் புரிந்துகொள்.

கூட்ட மண்டபத்தின் கடைசியில், கண்ணாடிக் கூண்டுக்குள், தலையில் ஹெட்போனோடு நான் உட்கார்ந்திருப்பது உனக்குத் தெரியும். ஒவ்வொரு உறுப்பினர் மேஜையிலும் ஒரு மைக். தலைவர் அனுமதி கொடுத்தால் நான் குமிழை அழுத்துவேன், மைக்கில் பச்சை விளக்கு எரியும், உறுப்பினர் முழங்குவார். விளக்கை அணைத்தால் மைக் செத்துவிட்டது என்று அத்தனை பேரும் நம்புகிறார்கள். அது சாகவில்லை. மண்டபத்து ஸ்பீக்கருக்குப் போகிற ஓசைதான் நிற்கும். என் ஹெட்போனுக்கு வருவது நிற்பதே இல்லை. செட் மாட்டின நாளிலிருந்தே அப்படித்தான். நான் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

எத்தனை வருட இன்பம் தெரியுமா அது! பட்ஜெட் நிறைவேறும்போது ஒருவர் சுருதி சேர்த்துக் குறட்டை விடுவார். மருந்துக்கடைக்காரர் தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்து, "இன்னிக்குப் போயிடுவோம்போல இருக்கே" என்று கூட்டத்துக்குக் கூட்டம் முனகுவார். இன்னொருவர் வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டிய பொய்யை நான்கு விதமாக ஒத்திகை பார்ப்பார். நான்காவதுதான் எப்போதும் நன்றாக இருக்கும். என் காதை மட்டும் அரசாங்கம் எடுத்து அருங்காட்சியகத்தில் வைத்தால், இந்த ஊரின் சரித்திரத்தை ஒன்பது தொகுதியாகப் போடலாம்.

இப்போது புகார். புதிதாக ஜெயித்து வந்த ஒரு பெண் உறுப்பினர் இருக்கிறார், கடைவீதி முனையில் தையற்கடை வைத்திருப்பவர். அவருக்கு ஒதுக்கிய இடம் துணைத் தலைவருக்குப் பக்கத்து நாற்காலி. துணைத் தலைவர் யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உன் மாமனார்.

தையற்காரம்மா எழுந்து பேச ஆரம்பித்தால் நன்றாகத்தான் ஆரம்பிப்பார். சாக்கடை அடைப்பு, எரியாத தெருவிளக்கு, எல்லாம் ஒழுங்காக வரும். திடீரென்று வாக்கியத்தின் நடுவே நின்றுவிடும். முகம் வெளுத்துவிடும். அப்படியே உட்கார்ந்துவிடுவார். மேல் மாடத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற கூட்டம் அவருக்கு 'அரைவரி' என்று பேர் வைத்துவிட்டது. இப்போது அவர் தெருவில் போனால் பையன்கள் பாதி வாக்கியம் பேசி நிறுத்திக் காட்டுகிறார்கள்.

அவர்தான் நடத்தைக் குழுவில் எழுதிக் கொடுத்திருக்கிறார். தான் எழுந்து நிற்கிற ஒவ்வொரு தடவையும் துணைத் தலைவர் தனக்கு மட்டும் கேட்கும்படி அசிங்கமாகப் பேசுகிறார் என்று. ஊரே சிரித்தது. உன் மாமனாரா? ஆபீஸ் பூனையைக்கூட "வாங்க, உக்காருங்க" என்று அழைக்கிறவரா? பண்பாளர் என்று சுவரில் பேர் எழுதி வைத்திருக்கிறார்களே, அவரா?

குழுவில் மூன்று பேர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர், அவர்தான் தலைமை. மற்ற இருவரில் ஒருவர் வக்கீல், இன்னொருவர் நம் மருந்துக்கடைக்காரர். தலைமையாசிரியை என் கூண்டுக்கே வந்தார். அந்தக் கூட்டங்களின் ஒலிப்பதிவு இருக்கிறதா என்று கேட்டார். விளக்கு அணைந்திருந்தால் பதிவாகாது என்று சொன்னேன். அது சத்தியம். அவர் எழுந்து கதவு வரை போய்த் திரும்பி, "பதிவு இல்ல, சரி. உங்களுக்குக் கேட்டுச்சா?" என்றார். எனக்கு அந்த நிமிடம் பார்த்து உலக மகா இருமல் வந்தது. அத்தனை வருடம் வகுப்பு எடுத்தவர், எத்தனை இருமல் பார்த்திருப்பார். யோசித்து வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

உன்னிடம் இருமப் போவதில்லை, மகளே. கேட்டது. அவர் உட்கார்ந்தபடியே, காகிதம் புரட்டுகிறவர்போல் தன் மேஜை மைக்மேல் குனிந்து, முகத்தில் புன்னகை மாறாமல் பேசுவார். "உக்காரு. கிழிஞ்ச துணி தைக்கிறவளுக்கு சபையில என்ன பேச்சு." அது ஆரம்பம். அதற்கப்புறம் வருகிறதை இந்தக் காகிதம் தாங்காது. முதல் தடவை கேட்டபோது வேறு ஏதோ ஸ்டேஷன் குறுக்கே வருகிறது என்று நினைத்து வயரை ஆட்டிப் பார்த்தேன். அந்தக் குரல் அவருடையது என்று என் மூளைக்கு ஏறவே இல்லை.

சரி, அது கிடக்கட்டும். ஒன்று கேட்க மறந்துவிட்டேன். போன மாதம் உன் மாமனார் கண் ஆபரேஷனுக்காக உங்கள் வீட்டில் தங்கியிருந்தாரே, அப்போது நீ போன் செய்தாய். ஆபீஸில் உனக்கு ஏதோ புதுப் பொறுப்பு கொடுத்திருப்பதாகச் சொல்ல ஆரம்பித்தாய். "சித்தப்பா, என்னை அவங்க" என்று ஆரம்பித்தாய், நின்றுவிட்டது. பால் பொங்கிவிட்டது என்று வைத்துவிட்டாய். அந்த வாக்கியத்தின் மீதி எனக்கு இன்னும் வந்து சேரவில்லை. எழுதி அனுப்பு.

சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. எல்லாத் தெய்வங்களும் உன் பக்கம் நிற்கட்டும். நிற்க முடியாதவர்கள் உட்கார்ந்தாவது இருக்கட்டும்.

என்றும் உன் நினைவோடு,
சித்தப்பா (ஒலிச் சக்கரவர்த்தி)

*

என் அன்பு மகளுக்கு,

இடியைத் தாங்கியும் இமயத்தைச் சுமந்தும் பழக்கப்பட்ட, ஆனால் இப்போது தன் மைக்செட் கடைக் கதவு காற்றில் ஆடினாலே எழுந்து நிற்கிற உன் சித்தப்பா எழுதுவது.

உன் கடிதம் வந்தது. மழையைப் பற்றி எழுதியிருந்தாய். மாப்பிள்ளைக்கு ஜலதோஷம், புது திரைச்சீலை, எதிர்வீட்டு நாய் குட்டி போட்டது, எல்லாம் இருந்தது. எதிர்வீட்டு நாயின் குடும்ப விவகாரம் முழுவதும் எனக்கு இப்போது அத்துப்படி. நான் கேட்டது மட்டும் அதில் இல்லை.

இங்கே நிலைமை சொல்கிறேன். குழு என்னைச் சாட்சியாக அழைத்திருக்கிறது. அழைப்பு வெளியே தெரிந்ததுமே ஊர் கணக்குப் போட்டுவிட்டது. மைக்செட்காரனைச் சாட்சியாக அழைத்தால் அவனுக்கு ஏதோ கேட்டிருக்க வேண்டும். அவனுக்குக் கேட்டிருந்தால் நாம் பேசினதும் கேட்டிருக்க வேண்டும். அதற்கடுத்த கூட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும், மகளே. உறுப்பினர்கள் மெழுகுச் சிலைபோல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மைக்குக்குத் துண்டு போர்த்திவிட்டார். குறட்டைக்காரர் வாழ்க்கையிலேயே முதல் முறையாக முழு பட்ஜெட்டையும் விழித்திருந்து கேட்டு, அதிர்ச்சியில் வெளிநடப்பு செய்தார். பொய் ஒத்திகை பார்க்கிறவர் எனக்கு ஒரு கிலோ ஆப்பிள் கொண்டுவந்து கொடுத்தார். மருந்துக்கடைக்காரர் என் கடைக்கு வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, தன் உடம்பு விஷயம் ஏதாவது வெளியே போய்விடுமா என்று கேட்டார். உங்கள் நாடி என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்றேன்.

சிரித்தது இவ்வளவுதான். மறுநாள் கூண்டுக்குப் போனால் என் ஹெட்போன் வயரை யாரோ கத்தரித்திருந்தார்கள். இழுத்து அறுக்கவில்லை. கத்தரிக்கோலால், நிதானமாக, நேராக வெட்டியிருந்தார்கள். பக்கத்தில் இருந்த எந்தச் சாமானையும் தொடவில்லை. கதவுப் பூட்டும் அப்படியே இருந்தது. சாவி மூன்று பேரிடம்தான் இருக்கிறது. யார் யார் என்று நினைத்துப் பார்த்தேன், நினைப்பை நிறுத்திக்கொண்டேன்.

அன்றைக்கு மத்தியானம் தையற்காரம்மா என் கடைக்கு வந்தார். ஸ்பீக்கர் பெட்டிக்கு உறை தைக்க அளவு எடுக்கிறவர்போல் டேப்போடு வந்தார், யாராவது பார்த்தால் சொல்வதற்கு. சாட்சி சொல்லுங்கள் என்று கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, என் இருமலைத் தயார் செய்துகொண்டேன். அவர் கேட்டது வேறு.

"அண்ணே, நீங்க அங்க வந்து எதுவும் சொல்ல வேணாம். உங்க வீட்டுப் பொண்ணு அவர் வீட்டுல வாழுது, எனக்குத் தெரியும். எனக்கு மட்டும் சொல்லுங்க. அவர் சிரிச்ச முகமாத்தான் இருக்கார், பக்கத்துல யாருக்கும் கேக்கல. எனக்கே சந்தேகம் வந்திருச்சு. எனக்குத்தான் காதுல ஏதாவது பேசுதோன்னு. அவர் சொன்னது நிஜந்தானா?"

நிஜம் என்றேன். அவர் டேப்பைச் சுருட்டினார். சுருட்டிச் சுருட்டி முடித்த பிறகும் விரல் சுருட்டிக்கொண்டே இருந்தது. "போதும்ணே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். உறைக்கு அளவே எடுக்கவில்லை.

மகளே, ஒரு மனுஷியை அவள் காதையே நம்பவிடாமல் செய்ய முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. நான் அத்தனை மாதம் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து உன் மாமனாரே வந்தார். தனியாக வந்தார். பழைய ஸ்பீக்கர் பெட்டிமேல் தூசியைத் தட்டாமலே உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை என்ன ஆகும் என்ற கவலையே இல்லை. டீ வாங்கி வரச் சொல்லட்டுமா என்றேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். "சம்பந்தி, வயசாச்சு நமக்கு. காது ஒழுங்கா கேக்குதா? எங்க அப்பாவுக்குக் கடைசியில காதுக்குள்ள யாரோ பேசிக்கிட்டே இருந்தாங்க. டாக்டர்கிட்ட காட்டினோம்." வழக்கமான அந்தப் புன்னகை. வேறு யாராவது இருந்தால் நான் பதிலுக்கு ஒரு கதை அவிழ்த்திருப்பேன். என் காதுக்குள் முப்பத்து முக்கோடிப் பேர் வாடகைக்கு இருக்கிறார்கள் என்றாவது சொல்லியிருப்பேன். அன்றைக்கு மேஜைமேல் கிடந்த ஸ்க்ரூக்களைப் பொறுக்கி டப்பாவில் போட ஆரம்பித்தேன்.

போவதற்கு எழுந்தவர் வாசலில் நின்று, வெயிலைப் பார்த்தபடி சொன்னார்: "நம்ம பொண்ணு ரொம்ப அடக்கம், சம்பந்தி. சொல்ல வந்ததக்கூடப் பாதியில விட்டுடும். அந்தப் பழக்கம் எல்லாருக்கும் வேணும்."

அவர் போன பிறகு கடையில் ஒரு ரேடியோ தன் பாட்டுக்குப் பாடிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்தக்கூட எனக்குத் தோன்றவில்லை.

உன் அம்மாவிடம் கொஞ்சம்தான் சொன்னேன். மீதியை அவர் என் முகத்தில் படித்துக்கொண்டார். "தம்பி, நீ எதுவும் பேசாத. என் பொண்ணு அங்க இருக்கா" என்று அழுதார். நீ அங்கே இருப்பதால் நான் வாயை மூட வேண்டும் என்கிறார் அவர். நீ அங்கே இருப்பதால்தான் என்னால் மூட முடியவில்லை. இதை அண்ணியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நிறைய இருந்தது.

விசாரணை வருகிற வியாழக்கிழமை. நீ போகாதே என்று எழுதினால் போகமாட்டேன். சத்தியமாக. உலகம் என்னைக் கோழை என்று கல்வெட்டில் பொறித்தாலும் பரவாயில்லை. நீ எழுதினால் போதும். இரண்டு வரி போதும். அரை வரிகூடப் போதும்.

காத்திருக்கும்,
சித்தப்பா

*

மகளே,

உன் பதில் வந்தது. நான்கே வார்த்தை. 'போய்ச் சொல்லுங்க சித்தப்பா, முழுசா.' பேனா அழுத்தின அழுத்தில் காகிதம் பின்பக்கம் புடைத்திருந்தது. அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வியாழக்கிழமை கிளம்பினேன். உன் சித்தி என் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். ஒரு வார்த்தையும் திருத்தவில்லை. எனக்கு அதுவே பயமாக இருந்தது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், நீ தெரிந்துகொண்டாக வேண்டும்.

மண்டபம் நிறைந்திருந்தது. நான் எழுந்ததும் மருந்துக்கடைக்காரர் உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது. தப்பாக நினைக்காதே, என்னைப் பார்த்தால் எல்லாருக்கும் வருகிற சிரிப்பு அது. என்ன வேடிக்கை சொல்லப் போகிறானோ என்கிற சிரிப்பு. மேலே உட்கார்ந்திருந்த கூட்டமும் அப்படித்தான். அத்தனை வருடம் மற்றவர்களுக்கு மைக்கைத் திறந்து மூடினவன் அன்றைக்குத்தான் முதல் முறையாக ஒரு மைக் முன்னால் நின்றேன். பச்சை விளக்கு எரிந்தது.

மரியாதைக் குறைவாகப் பேசினார் என்று சொன்னேன். வக்கீல் உறுப்பினர் அது போதாது என்றார். எந்த வார்த்தை என்று தெரியாமல் குழு எதையும் முடிவு செய்ய முடியாதாம். அவர் சொன்னதை அப்படியே சொல்ல வேண்டுமாம். தையற்காரம்மாவைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார். சொன்னேன். மைக்கில், ஊர் முழுக்கக் கேட்க, என் குரலில் அந்த அசிங்கத்தைச் சொன்னேன். ஆரம்பத்தில் மேலே ஒருவன் சிரித்தான். இரண்டாவது வார்த்தையில் நிறுத்திக்கொண்டான்.

அப்புறம் உன் மாமனார் எழுந்தார். கையைக் கூப்பினார். சம்பந்தி அவர்கள்மேல் தனக்கு வருத்தமே இல்லை என்றார். "அவர் வேடிக்கைக்காரர். பல்லியப் பாத்தா முதலைன்னுதான் சொல்வார், அது ஊருக்கே தெரியும். அவர் சொன்னத வச்சு ஒரு மனுஷன் மானத்தை எடுக்கலாமா?" மண்டபம் லேசாக அசைந்தது. நான்கு பேர் தலையாட்டினார்கள். தப்பில்லையே, மகளே. எங்கள் தெருவில் மழை பெய்தாலே பிரளயம் என்று சொல்கிறவன் நான். என் வாய்தான் என் கழுத்தைப் பிடித்தது.

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நீங்கள் சொன்னதில் எவ்வளவு மிகை என்று கேட்டார். "அம்மா, நான் எல்லாத்தையும் கூட்டித்தான் சொல்வேன். இத மட்டும் குறைச்சுத்தான் சொல்லியிருக்கேன்" என்றேன்.

விளக்கு அணைந்த மைக்கில் பேசினால் கூண்டுக்குக் கேட்குமா என்று பார்த்துவிடலாம் என்றார் அவர். நல்ல வேளை, வீட்டிலிருந்து பழைய ஹெட்போனை எடுத்துப் போயிருந்தேன். என்னைக் கூண்டுக்குள் போகச் சொன்னார். தானே எழுந்து போய் உன் மாமனார் நாற்காலியில் உட்கார்ந்தார். எல்லா விளக்கையும் அணைத்தேன். அவர் மேஜை மைக்மேல் குனிந்து ஏதோ முணுமுணுத்தார். கூடவே குழுவில் இருக்கிற இரண்டு பேரும் எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கே எதுவும் கேட்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

நான் ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். கூண்டைவிட்டு வெளியே வந்தேன். மண்டபத்தின் முழு நீளமும் நடந்து, இடது பக்க ஓரத்தில் இருந்த ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத் திரும்பினேன். ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. தலைமையாசிரியை மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். தெருத் தூசி வருகிறது, அந்த ஓர ஜன்னலைச் சாத்துங்கள் என்று தான் மைக்கில் முணுமுணுத்ததாக மற்ற இருவருக்கும் சொன்னார்.

தையற்காரம்மா எழுந்து நின்றார். அன்றைக்குத்தான் தன் புகாரை முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரை சொன்னார். எங்கேயும் நிற்கவில்லை. உன் மாமனார் முகத்தைப் பார்த்தேன். அந்தப் புன்னகை போயிருந்தது. எனக்கு அது சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. புன்னகை இருந்தவரைக்கும் அந்த மனிதர் தன்னை எதற்குள்ளோ அடக்கி வைத்திருந்தார் என்று அப்போதுதான் தெரிந்தது.

முடிவை அடுத்த வாரம் சொல்வார்கள். பதவி போகும் என்கிறார்கள். எனக்கு அதைப் பற்றி அக்கறை இல்லை. மண்டபத்தைவிட்டு வெளியே வரும்போது அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். செருப்பை மாட்டிக்கொண்டே, தணிந்த குரலில், என்னைப் பார்க்காமல் சொன்னார்: "முடிவு வர்ற வரைக்கும் பையன் வீட்டுல இருக்கலாம்னு இருக்கேன். திங்கக்கிழமை ராத்திரி பஸ். பொண்ணுகிட்ட ஏதாவது சொல்லணுமா, சம்பந்தி?"

அதனால்தான் இந்தக் கடிதம் கூரியரில், உன் ஆபீஸுக்கு. மாடிப்படி, தபால்காரர் என்று முதலில் எழுதினதெல்லாம் பொய் என்று உனக்கு அப்போதே தெரிந்திருக்கும். அவர் உன் வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு முன்னால் இது உன் மேஜைக்கு வந்துவிட வேண்டும்.

அன்றைக்குப் பால் பொங்கவில்லை. பால் பொங்கினால் அடுப்பில் ஒரு சீறல் கேட்கும். நான் ஓசையில் பிழைக்கிறவன். உன் போனில் சீறல் இல்லை. உன் மூச்சு நின்றது. தூரத்தில் தணிந்த குரலில் யாரோ பேசினது கேட்டது. வார்த்தை விளங்கவில்லை, அந்தக் குரலின் வழவழப்பு மட்டும் கேட்டது. மாதக்கணக்கில் ஹெட்போனில் கேட்ட வழவழப்புத்தான். தையற்காரம்மா நிற்கிற இடத்தில்தான் நீயும் நின்றாய். எனக்கு அது உறைக்க இவ்வளவு நாள் ஆனது.

மாப்பிள்ளை நல்லவர் என்று நான் இன்னும் நம்புகிறேன். ஆனால் அவரும் வாக்கியங்களைப் பாதியில் விட்டே அந்த வீட்டில் வளர்ந்திருப்பாரோ என்று இப்போது தோன்றுகிறது. அவருக்குக் கேட்கிறதா என்று நீதான் பார்க்க வேண்டும். கேட்டால் அவரையும் அழைத்துக்கொண்டு வா. கேட்காவிட்டால் நீ மட்டும் வா.

மாடி அறையை உன் சித்தி கழுவிவிட்டாள். அங்கே போட்டு வைத்திருந்த என் ஓட்டை ஸ்பீக்கர்களை எல்லாம் ஒரு வார்த்தை கேட்காமல் தெருவில் தூக்கிப் போட்டுவிட்டாள். உன் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இன்றைக்குக் காலையில் முட்டியைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறிப் போய், அந்த அறை ஜன்னலுக்குத் திரை மாட்டிவிட்டு இறங்கினார். எதற்கு என்று நாங்களும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நீ எனக்கு எதையும் விளக்கிச் சொல்ல வேண்டாம். காரணம் சொல்லவும் வேண்டாம். ஆபீஸிலிருந்தே நேராகப் பஸ் ஏறினாலும் சரி. துணிமணி, நகை எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒருவேளை வீட்டுக்குப் போய்விட்டாய், வெளியே கிளம்ப முடியவில்லை என்றால் எனக்குப் போன் போடு. பேச முடியாவிட்டால் பேசாதே. வைத்துவிடாமல் மட்டும் பிடித்துக்கொண்டிரு. அந்தப் பக்கத்துச் சத்தமின்மை என் காதுக்குப் போதும். அடுத்த வண்டியில் நான் வருகிறேன். போன் இப்போது என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. குளிக்கப் போனாலும் உன் சித்தி அதைக் கையில் வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நிற்கிறாள்.

மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன். பல்லி பல்லியாகவே இருக்கிறது, எதையும் முதலையாக்கவில்லை. அதிலிருந்தே என் பயத்தைத் தெரிந்துகொள்.

நீ நீளமான வாக்கியங்களாகப் பேசி, நீடூழி வாழ வேண்டும். வந்துவிடு, அம்மா.

உன் சித்தப்பா